அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் கறுப்பாகத் தெரியட்டும்

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். வேற்றுக்கிரகத்துப் பிள்ளைகள் மூன்று பேர் மனிசப் பிள்ளைகள்போல திருகோணமலையில் ஒளிந்திருந்து பள்ளிக்கூடம் போகிற நாவல் ஒன்று எழுதுகிறேன். வந்தது புரொக்சிமா சென்டோரியிலிருந்து. விண்கலம் துறைமுகத்துக்கு அடியில் கிடக்கிறது. இருட்டில் ஆட்களின் உடற்சூடு அவர்களுக்குத் தெரியும், மனதையும் வாசிப்பார்கள், இரவிரவாக அம்மா அப்பாவோடு ரேடியோவில் பேசுவார்கள். வாசித்த சிநேகிதிகள் "நல்லாத்தான் இருக்கு, ஆனா பயமே வரேல்ல" என்கிறார்கள். எங்கே பிழை?
– வாசகி, உப்புவெளி

பதில்: மனதை வாசிக்கத் தெரிந்தவன் எப்படி மாட்டுப்படுவான்? உங்கள் பிள்ளைகளால் எல்லாம் முடிகிறது, அதனால் வாசிக்கிறவருக்குப் பதற்றம் இல்லை. அந்தச் சக்தியை முழுதாக வெட்டிவிடுங்கள். கண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைத் திருத்த வேண்டும்.

புரொக்சிமா மங்கலான சிவப்பு விண்மீன். அதன் ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பு, அதாவது சிவப்புக்கும் அப்பால் எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளி. நீலம் மிகக் குறைவு. நாங்கள் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளங்களை. அங்கே உருவான கண் 700க்கும் 1000க்கும் இடையில் பார்க்கும் என்று வைக்கலாம். மனித உடற்சூடு வெளிப்படுவதோ 10,000 நனோமீற்றரை ஒட்டி. ஆகவே அந்தக் கண்ணுக்கும் இருட்டில் ஆள் தெரியாது. சக்தி ஒன்று போய்விட்டதே என்று கவலைப்படாதீர்கள், பதிலுக்குக் கிடைப்பதைப் பாருங்கள்.

கோணேசர் கோயில் மலையில் பகலில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு வானமும் கடலும் கறுப்பு. பச்சை இலை அகச்சிவப்பைப் பலமாகத் தெறிக்கவிடுவதால் மரங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒளிரும். பல துணிச் சாயங்களும் அப்படித்தான், கறுப்புச் சட்டை வெளிறித் தெரியலாம். இதெல்லாம் அழகு, ஆபத்து வகுப்பறையில் இருக்கிறது. நீலக் குமிழ்முனைப் பேனாவின் சாயம் பெரும்பாலும் அகச்சிவப்பில் மறைந்துபோகும். பென்சிலிலும் அச்சு மையிலும் கரி இருப்பதால் அவை தெரியும். அதாவது பாடப்புத்தகத்தை வாசிப்பாள், கரும்பலகையில் சோக்கட்டி எழுத்தை வாசிப்பாள், பக்கத்துப் பிள்ளையின் கொப்பி மட்டும் அவளுக்கு வெறுந்தாள். ரீச்சர் சிவப்புப் பேனாவால் திருத்தியதும் தெரியாமல் போகலாம். சோதனையில் பேனாவால் எழுதச் சொன்னால் தான் எழுதுவதே அவளுக்குத் தெரியாது. பென்சிலை விடாத பிள்ளையை ரீச்சர் எத்தனை நாள் பொறுப்பார்?

கைபேசித் திரையிலிருந்து அகச்சிவப்பு அநேகமாக வருவதில்லை, எனவே அது கறுப்புக் கண்ணாடி. பதினாறு வயதில் ஃபோன் பார்க்காத பிள்ளையை எந்த வகுப்பும் கவனிக்கும். எல்ஈடி விளக்குப் போட்ட ரியூசன் கொட்டில் அவளுக்கு இருட்டு. கோயிலில் எண்ணெய் விளக்கு எரியும் இடம் பட்டப்பகல். மறுபக்கம், ரி.வி. ரிமோட் ஏறத்தாழ 940 நனோமீற்றரில் மின்னுவது அவளுக்குத் தெரியும். கடைகளில் இரவில் பார்க்கும் பாதுகாப்புக் கமராக்கள் பல 850 அளவில் ஒளி பாய்ச்சுகின்றன. நாங்கள் இருட்டென்று நினைக்கிற கடை வாசலில் அவள் கண்ணைக் கூசிக்கொண்டு நிற்பாள், அதுவும் கமராவில் பதியும். ஒன்று மட்டும்: 700 என்ற எல்லையை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்து, கடைசி அத்தியாயம் வரை மாற்றாதீர்கள். பாதியில் வசதிக்காக நீலம் தெரியத் தொடங்கினால் எல்லாம் கெட்டது.

ரேடியோப் பேச்சு நடக்காது. தூரம் 4.24 ஒளியாண்டு, ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும். பதினாறு வயதில் "நாங்கள் வந்து சேர்ந்திட்டம்" என்று அனுப்பினால் பதில் வரும்போது அவளுக்கு 24 கடந்திருக்கும். ஒளியின் வேகத்தில் கால்பங்கில் வந்தாலும் பயணம் 17 ஆண்டு, ஆகவே அவள் பிறந்ததே கலத்துக்குள்தான். சொந்தக் கிரகத்தை அவள் கண்டதில்லை. பெற்றோர் வழியில் இறந்தார்களா, இன்னும் கலத்தில் இருக்கிறார்களா என்பதை இரண்டாம் அத்தியாயத்துக்கு முன் முடிவுசெய்யுங்கள். புரொக்சிமாவைச் சுற்றும் புரொக்சிமா பி கோளுக்கு ஓராண்டு 11.2 நாள். அந்தக் கணக்கில் பதினாறு வயதுக்காரிக்கு 520 வயது. வாய் தவறினால் சிரிப்பும் வரும், வினையும் வரும்.

கலத்தைக் கடலுக்குள் போட்டதும் சரிவராது. வெற்றிடத்துக்குச் செய்த கலம் உள்ளிருந்து வெளியே தள்ளும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கினால் போதும். கடலில் 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் வெளியிலிருந்து நெரிக்கும், 100 மீற்றர் ஆழத்தில் பத்து. ஆழம் குறைந்த இடத்தில் வைத்தால் மீன்பிடி வலை சிக்கும், கடற்படையும் துறைமுகத்திலேயே இருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்துச் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளில் பல நெடுங்காலம் காட்டுக்குள் பாவனையில்லாமல் கிடந்தவை. அவற்றில் ஒன்றைப் பாருங்கள். மூடிய இரும்புத் தாங்கி வெயிலில் உள்ளே அடுப்புப்போல் கொதிக்கும், ரேடியோ அலையையும் வெளியே விடாது. எனவே அனுப்புகிற வேலைக்கு அன்டெனாவை வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில்தான் யாரோ காண்பார்கள்.

துரத்துகிற இராணுவத்தைக் குறையுங்கள், திரைப்படத்தில் பார்த்துச் சலித்தது. இங்கே ஒளிந்திருப்பவருக்கு உண்மையான எதிரி கடதாசி. 15 வயதானால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பாடசாலை மாணவருக்கு அதிபர் ஊடாக. பிறப்புச் சான்றிதழ் எங்கே? பிறப்புப் பதியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. போரிலும் 2004 சுனாமியிலும் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம், அதனால் கதை நம்பும்படி இருக்கும். ஆனால் கிராம சேவகர் "எந்த முகாமில இருந்தனீங்கள், அம்மாவின்ர ஊர் எது?" என்று கேட்பார். சும்மா சொன்ன ஊர்ப்பேரில் அவருக்குச் சொந்தக்காரர் இருக்கலாம். வயதை மதிப்பிடுகிற வைத்தியர் ஒருவரையும் உள்ளே விடுங்கள். பல்லையும் மணிக்கட்டு எலும்பையும் பார்க்கப்போகிறார், எக்ஸ்ரேயில் என்ன வரும்?

எண்ணையும் சரியாக எழுதுங்கள். புதிய அட்டையில் 12 இலக்கம்: முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 2010 ஜனவரி 10இல் பிறந்ததாகச் சொல்லும் உங்கள் கதாநாயகியின் எண் 2010510 என்று தொடங்க வேண்டும். 010 என்று எழுதிவிட்டால் உங்கள் வாசகிகளே முதலில் பிடிப்பார்கள்.