மூன்று சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் ஒலியும் ஓட்டமும் தனித்துத் தெரிவது ஏன்?

இரண்டு சிலிண்டருக்கும் நான்கு சிலிண்டருக்கும் நடுவே நிற்கும் இந்த எஞ்சின் ஏன் இரண்டையும் போல ஒலிப்பதில்லை என்ற கேள்விக்கான விடை, பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் அதன் கிராங்க் தண்டில் இருக்கிறது. பெரும்பாலான வரிசை மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்க் முனைகள் (பிஸ்டன்கள் தண்டோடு இணையும் இடங்கள்) 120 பாகை இடைவெளியில் அமைவதால், தண்டு 240 பாகை சுழலும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டரில் எரிதல் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் இது நொடிக்கு 150 எரிதல்களாகும். அதே வேகத்தில் இரட்டை சிலிண்டர் 100, நான்கு சிலிண்டர் 200 எரிதல்களைத் தரும். தாழ்ந்த வேகத்தில் உறுமலாகத் தொடங்கி, வேகம் ஏற ஏற ஊளையாக மாறும் அந்த ஒலிக்கு, என் செவியில், ஈடு இல்லை.

சமநிலைதான் இதில் மிகவும் சுவையான பகுதி. மூன்று பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள், முதல்நிலையிலும் (கிராங்க் வேகத்தில் எழுபவை) இரண்டாம் நிலையிலும் (அதன் இரு மடங்கு வேகத்தில் எழுபவை), ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. வழக்கமான வரிசை நான்கு சிலிண்டரிலோ இரண்டாம் நிலை விசை எஞ்சி நின்று கைப்பிடியில் நுண்ணிய அதிர்வாக உணரப்படும். ஆயினும் மூன்று பிஸ்டன்களின் விசைகள் ஒரே கோட்டில் செயல்படாததால், மூன்று சிலிண்டர் எஞ்சினின் இரு முனைகளும் சீசா பலகை போல மாறி மாறி ஆட முயல்கின்றன. அதை அடக்கவே, கிராங்க் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுழலும் சமநிலைத் தண்டு பொருத்தப்படுகிறது.

திறனைப் பொறுத்தவரை, ஒரே கொள்ளளவில் இது இரட்டையை விட உயர்ந்த சுழற்சியை எட்டும். நான்கை விட நடு வேகத்தில் தாராளமான முறுக்கு விசையைத் தரும். 2019 முதல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் பிரிவான மோட்டோ2 பந்தயங்களில், பிரிட்டிஷ் நிறுவனமான டிரையம்ஃபின் 765 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் பயன்படுத்தப்படுகிறது.