டெல்டாச் சிறுநகரின் காற்று: அறுவடையும் பனியும் புகையும் – கேள்வி பதில்

மன்னார்குடி வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, தை மாதத்தில் விடியற்காலை வாசல் தெளிக்க வந்தாலே புகை வாடை தொண்டையைக் கரிக்கிறது. பகல் பதினோரு மணிக்கு அந்த வாடையே இல்லை. இரவெல்லாம் வயலைக் கொளுத்துகிறார்களா?

பதில்: இல்லை, அம்மா. அறுத்த வயலில் நிற்கும் நெல் தாளைக் கொளுத்துவது பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான். மேகமற்ற பனிக்கால இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிர வைத்துவிடுகிறது. மேலே உள்ள காற்றோ சற்று வெதுவெதுப்பாகவே இருப்பதால், கீழ்க்காற்று மேலெழ வழியின்றி, பானைக்கு மூடி போட்டதுபோல் அடைபட்டுக் கிடக்கிறது. மாலையில் எரிந்த தாளின் புகை, விறகடுப்புப் புகை, குப்பைமேட்டுப் புகை எல்லாம் அந்த மூடியின் கீழேயே விடியும்வரை தேங்குகின்றன. வெயில் ஏறித் தரை சூடானபின், ஒன்பது பத்து மணியளவில், காற்று மேலும் கீழுமாகக் கலந்து புகை கரைகிறது. ஆனி மாத நண்பகலில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து நீர்த்துப்போகும் அதே அளவு புகை, தை விடியலில் சில நூறு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. ஆகவே எவ்வளவு எரிந்தது என்பதைவிட எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் எரிந்தது என்பதையே நான் முதலில் கேட்பேன். போகி நெருப்பு ஆண்டின் மிக மோசமான வேளையில் எரிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தையே பாதித்தன.

கேள்வி: நான் பத்து ஏக்கர் சாகுபடி செய்கிறேன். காற்றைக் கெடுப்பவர்கள் விவசாயிகள்தான் என்று ஊருக்குள் பேசுகிறார்கள். குறுவை நெல்லை அறுத்த கையோடு அடுத்த போகமான தாளடியை நட வேண்டுமென்றால், கொளுத்தாமல் என்ன செய்வது?

பதில்: அந்தப் பேச்சில் பாதிதான் நியாயம். தை, மாசியில் அறுக்கும் சம்பா நெல்லின் அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளிக்கும் வழக்கம் இருந்தவரை, அறுத்த வயலில் தீ வைக்க எவருக்கும் மனம் வராது. முளைத்த உளுந்து கருகிவிடும் அல்லவா? அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் சங்கிலிச் சக்கரம் இளஞ்செடிகளை நசுக்குவதால் பலர் தெளிப்பையே கைவிட்டார்கள். கையறுப்பில் தரையோடு வந்த வைக்கோலுக்குப் பதிலாக, முழங்கால் உயரத் தாளும் சிதறிய வைக்கோலும் வயலிலேயே நின்றுவிடுகின்றன. வைக்கோல் கட்டும் இயந்திரத்தை விட்டு உருளைகளாக விற்றுவிடுவது சம்பாவுக்குச் சரியான வழி. குறுவைக்கு அது எளிதன்று. புரட்டாசி, ஐப்பசி மழையில் வைக்கோல் நனைந்துவிடும், ஈர வயலில் வண்டியும் இறங்காது.

அந்த நிலையில் தண்ணீர் கட்டி, டிராக்டரின் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) அல்லது ரோட்டவேட்டரால் (சுழல் கலப்பையால்) தாளை மடக்கி உழுது, நடவுக்கு முன் பத்துப் பதினைந்து நாள் மக்க விடுங்கள். பச்சைத் தாள் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) தாமே எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளடிக்கும். அதனால் அடியுரத்தில் தழைச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ தழைச்சத்து இருக்கிறது. எரித்தால் அது அநேகமாக முழுவதும் காற்றோடு போய்விடும். சாம்பல்சத்துதான் (பொட்டாசியம்) பெரும்பாலும் மிஞ்சும்.

கேள்வி: டெல்லியின் புகைமூட்ட நிலைமை நமக்கும் வருமா?

பதில்: அந்த அளவுக்கு வராது. பஞ்சாபில் நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரமே கிடைப்பதால் பெரும்பரப்பு ஒரே சமயத்தில் எரிந்து அந்தப் புகை டெல்லி வரை வருகிறது, வடக்கே இமயமலை நிற்கிறது, காற்றும் அப்போது ஓய்ந்திருக்கிறது. நமக்குக் கடல் அருகில் இருப்பதால் கடற்காற்று புகையைக் கலைக்க உதவுகிறது.

கேள்வி: வீட்டில் வைத்துள்ள சிறிய காற்றுத்தர மானி, பனிமூட்டக் காலையில் 180 காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். அக்கருவி நுண்துகள்களை ஒளிச்சிதறலால் எண்ணுகிறது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், பனித்துளியையும் அது தூசியாகவே கணக்கிடும். தவிரவும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகளுக்கு 2009இல் இந்தியா வகுத்த வரம்பான கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது 24 மணிநேரச் சராசரிக்கானது. உலக சுகாதார நிறுவனம் தன் 24 மணிநேர வரம்பை 2021இல் 15 என்று குறைத்தது. எனவே நாள் சராசரியை ஒப்பிடுங்கள். பனி விலகிய பின்னும் எண் இறங்காவிட்டால் அது பெரும்பாலும் புகையேதான்.

கேள்வி: மொட்டைமாடியில் உலர்த்தும் துணியெல்லாம் கரித்துகள். வயலில் இருந்து வருகிறதா, அரிசி ஆலையில் இருந்தா?

பதில்: ஒரு துகளை விரலிடையே நசுக்கிப் பாருங்கள். வைக்கோல் கரி மெல்லிய இழையாக இருந்து, தொட்டவுடன் மைபோல் ஈஷிக்கொள்ளும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் அது நறநறக்கும்; சில துகள்களில் உமியின் படகு வடிவம்கூடக் கலையாமல் இருக்கும். அடுத்து மாதத்தைப் பாருங்கள்: ஆடியில் மேல்காற்று, மார்கழியில் வாடை. ஆலை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரே புகைபோக்கியின் துகள் ஒரு பருவத்தில் ஒரு தெருவிலும் மறு பருவத்தில் வேறு தெருவிலும் விழும். திசையையும் தேதியையும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மனு கொடுத்தால் விசாரிக்க வருபவருக்கும் வேலை எளிது.

கேள்வி: கொள்முதல் நிலையத்துக்கு எதிரில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு வீசிங் உண்டு. நெல் தூற்றும் நாட்களில் மூச்சிரைப்பு கூடுகிறது.

பதில்: நெல்லின் சுணையும் பதர்த்தூசியும் புகையைவிடப் பருமனானவை, தொலைவாகப் பரவாமல் அருகிலேயே படியும். ஆனால் அருகிலிருக்கும் உங்களுக்கு அது ஆறுதல் ஆகாது. தூற்றும் நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலை அடையுங்கள், வீட்டைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள், வெளியே போகும்போது என்-95 முகக்கவசம் அணிவியுங்கள். தடுப்பு இன்ஹேலரைக் கொள்முதல் தொடங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தூசி உங்கள் வீட்டுப் பக்கம் வராதபடி தூற்றும் இயந்திரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லி நிலையத்தாரிடம் கேட்கவும் தயங்காதீர்கள்.

கேள்வி: வயது எழுபது. நடைப்பயிற்சிக்கு எந்த நேரம் உகந்தது?

பதில்: ஐயா, மார்கழி முதல் மாசி வரை வெயில் ஏறி ஒன்பது மணி ஆனபின், அல்லது மாலை நான்கிலிருந்து ஐந்தரைக்குள் நடந்துவிடுங்கள். ஆடியில் இதற்கு நேர்மாறு: பிற்பகல் மேல்காற்று உழவு மண்ணையும் சாலைப் புழுதியையும் கிளப்புவதால் விடியற்காலையே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் எந்நேரமும் நடக்கலாம். வழுக்கும் வரப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.