மேரக்ஸ் ஊசி போட்ட கோழியும் சாய்வது ஏன்?

கேள்வி: சிறிய லேயர் (முட்டைக்கோழி) பண்ணை வைத்திருக்கிறேன். பொரிப்பகத்திலேயே மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கு ஊசி போட்டுத்தான் குஞ்சு தருகிறார்கள். ஆனாலும் 14 வார வயதில் சில கோழிகள் ஒரு காலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நீட்டிச் சாய்கின்றன. ஊசி போலியா? ஊசியால்தான் வைரஸுக்கு வீரியம் கூடுகிறது என்கிறார் நண்பர். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ஆனால் நண்பர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது.

மேரக்ஸ் ஊசி கட்டியையும் வாதத்தையும் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. ஊசி போட்ட கோழிக்குள்ளும் வைரஸ் புகும். கோழி நன்றாக மேய்ந்துகொண்டே, இறகு வேரிலிருந்து உதிரும் பொடுகோடு ஆயுள் முழுக்க வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

பொதுவாக மிகக் கொடிய வைரஸ் பரவாமல் தானே அழிந்துபோகும். இருக்கும் கோழியைச் சீக்கிரம் கொன்றுவிட்டால் அடுத்ததற்குத் தாவ அவகாசம் ஏது? ஆண்ட்ரூ ரீட் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2015இல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் காட்டின. மிக வீரியமான ரகம் ஊசி போடாத கோழிகளைச் சுமார் பத்தே நாளில் கொன்றது. அவை அதிகம் பரப்பவில்லை. ஊசி போட்டவை பிழைத்து, வாரக்கணக்கில் அதே ரகத்தைப் பரப்பின. 1970களின் தொடக்கத்தில் வான்கோழி ஹெர்பிஸ் வைரஸால் ஆன ஊசி வந்தது. அதை மீறும் ரகங்கள் தோன்ற, இரண்டு வைரஸ் சேர்ந்த இரட்டை ஊசி வந்தது, பிறகு ரிஸ்பென்ஸ் என்ற ரகத்தால் ஆன ஊசி. பழியை முழுக்க ஊசியின் தலையில் போட மாட்டேன். ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்து வளர்க்கும் முறைக்கும் இதில் பங்குண்டு.

வீரிய ரகம் சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் ஊசியில்லாக் குஞ்சை இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் பண்ணையில் நான் முதலில் சந்தேகப்படுவது தூசியை. ஊசியின் பாதுகாப்பு வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். காய்ந்த பொடுகில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முதல் வாரத்திலேயே குஞ்சு அதைச் சுவாசித்தால் ஊசி பிந்திவிடும். எனவே குஞ்சுக் கொட்டகை பெரிய கோழிகளிடமிருந்து தள்ளி, அவற்றின் காற்று வந்து சேராத பக்கமாக இருக்கட்டும். ஆள் முதலில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய கோழிகளிடம் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. ஒரு பேட்ச் முழுதாக வெளியேறிய பின் கூளத்தை மட்டும் அள்ளினால் போதாது. மின்விசிறி, கம்பிவலை, கூரைச் சட்டத்தில் படிந்த தூசியைத் துடைத்துக் கழுவி, கிருமிநாசினி அடித்து, சில வாரம் காலியாக விடுங்கள். பல வயதுக் கோழிகள் ஒரே கொட்டகையில் இருந்தால் இதில் எதுவும் பலிக்காது.

பொரிப்பகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஊசியில் ரிஸ்பென்ஸ் இருக்கிறதா? திரவ நைட்ரஜனில் வைக்கும் ஊசி என்றால், கரைத்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் போட்டு முடிக்கிறார்கள்? ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஊசி போலியாக இல்லாவிட்டாலும் வீணாகியிருக்கலாம். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக மேரக்ஸ் வராது. அதற்காக அவர்களோடு சண்டை வேண்டாம்.

சாய்வதெல்லாம் மேரக்ஸ் அல்ல. சாகும் தறுவாயில் உள்ள இரண்டு கோழிகளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மேரக்ஸ்தான் என்றால் சிகிச்சை கிடையாது. சாய்ந்தவற்றைக் கழித்துவிடுங்கள், தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலப்பது காசுக்குத்தான் கேடு.