ரோட்டுப் புகை யாருக்கு? காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ரோட்டுப் புகை ஏழையைத்தான் அதிகம் வாட்டுகிறது என்று நான் சொல்வதுண்டு. காற்று மாசை அளக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் அதைப் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோட்டையூர்: அண்ணே, மெயின் ரோட்டில் வீடு வாங்கலாமா?

அடுத்த தெருவில் கிடைத்தால் அதை வாங்குங்கள். வண்டிப் புகை ரோட்டோரத்தில்தான் அடர்த்தி. 150 மீட்டர் தள்ளினாலே நன்றாகக் குறையும். 300 மீட்டர் தாண்டினால் பெரும்பாலும் ஊர்க் காற்றோடு கலந்துவிடும்.

தேவகோட்டை: செல்போனில் காற்று ‘நன்று’ என்று காட்டுகிறதே?

அது எங்கோ இருக்கும் கருவியை வைத்துப் போட்ட மதிப்பீடு, உங்கள் வாசலில் அளந்தது இல்லை. ‘நன்று’ என்பது எந்த அளவுகோலில் என்பதையும் பாருங்கள். பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு நம் நாட்டில் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 5.

பள்ளத்தூர்: மெயின் ரோட்டில் பெரிய கடையும் மாடி வீடும் வசதியானவர்களுடையதுதானே? ஏழைக்குத்தான் புகை என்பது எப்படிச் சரி?

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மற்ற இடங்களைவிட நெடுஞ்சாலை ஓரம் ஏழைகளும் கறுப்பின மக்களும் அதிக விகிதத்தில் வாழ்கிறார்கள். ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் மாறும். ரோமில் நெரிசலான நடு நகரத்தில் இருப்பவர்கள் வசதியானவர்கள். ஆனால் மாசு கூடிய நாட்களில் இறப்பு அதிகம் ஏறியது வசதி குறைந்தவர்களிடம்தான். ஏற்கெனவே இருக்கும் நோய், வெளியில் நின்று செய்யும் வேலை, தள்ளிப்போட்ட வைத்தியம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

நம் ஊரையே பாருங்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரர்கள் தெருவிலிருந்து தள்ளி, வீட்டின் உள்கட்டுப் பகுதியில் படுக்கிறார்கள். அதே வீட்டு வாசலில் பூ விற்கும் அம்மா காலையிலிருந்து இரவு வரை பஸ் புகையில் உட்கார்ந்திருக்கிறார். முகவரி ஒன்றுதான், மூச்சு ஒன்றில்லை.

பள்ளத்தூர், மறுபடி: அந்த அம்மா வீட்டு விறகடுப்பை விடவா ரோட்டுப் புகை மோசம்?

விறகடுப்பு மிக மோசம், மறுக்கவே இல்லை. ஆனால் ஒன்று இருப்பதால் மற்றது கழிந்துவிடாது. இரண்டும் ஒரே நுரையீரலில்தான் சேர்கின்றன.

புதுவயல்: அரிசி ஆலைக் கரியை விட்டுவிட்டு வண்டியை மட்டும் பேசுகிறீர்களே?

கரி விழுவது உண்மை. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டிய புகார். தேதி, நேரம், படத்தோடு எழுதுங்கள்.

காரைக்குடி: வண்டிப் புகையால் செத்ததாக யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

லண்டனில் நெரிசலான சாலை அருகே வளர்ந்த ‘எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா’ என்ற சிறுமி, ஆஸ்துமாவால் 2013-இல் ஒன்பது வயதில் இறந்தாள். காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2020-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதனால்தான் கெஞ்சுகிறேன்: பள்ளி வாசலில் நிற்கும்போது இன்ஜினை அணையுங்கள்.

கானாடுகாத்தான்: மணி பிளாண்ட் வைத்தால் போதுமா?

போதாது.

ஆத்தங்குடி: துணி மாஸ்க்?

நுண்துகளுக்கு அது போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வேண்டும்.

கண்டனூர்: மெயின் ரோட்டில் வீடு வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். பள்ளி வாசலில் இன்ஜினையும் அணையுங்கள்.

காரைக்குடி: ரோட்டோரம் டீக்கடை அண்ணே. இடம் மாற்ற வழியில்லை. பிள்ளையும் கடையில்தான் இருப்பான்.

காலை, மாலை நெரிசல் நேரத்தில் பிள்ளையை உள்தெருவில் உறவுக்காரர் வீட்டில் விடப் பாருங்கள். வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். இருமலோ இளைப்போ இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கடை முன்னால் ஆட்டோக்காரர்கள் இன்ஜினை ஓடவிட்டு நின்றால் அணைக்கச் சொல்லுங்கள். அவர்களும் அதே புகையில்தான் நிற்கிறார்கள்.