பப்பாளித் தேமலுக்கு ஸ்ட்ரெப்டோசைக்ளின் அடிக்கலாமா?

வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கம் எட்டு மாதப் பப்பாளி, நுனி இலை தேமலடித்துச் சுருங்குகிறது, பரிசோதித்ததில் இலையில் பாக்டீரியா இருந்தது, ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நல்ல இலையிலும் பாக்டீரியா கோடிக்கணக்கில் குடியிருக்கும், பெரும்பாலும் சாதுக்கள்.

காயைத் திருப்பிப் பாருங்கள். தோலில் வட்டம் வட்டமாகவும், இலைக்காம்பில் எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சைக் கோடும் இருந்தால் வளையப்புள்ளி வைரஸ்தான். அது செல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, மேலே இருக்கும் நல்லதுகளைத்தான் கொல்லும். சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாக் கரைசல் செடியின் எதிர்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம், வந்த நோயைக் குணமாக்காது.

அந்த மரங்களைப் பிடுங்கிப் புதையுங்கள், மனசு கேட்காதுதான். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி சில நொடி குத்தினாலே வைரஸைப் பரப்பிவிடும். அப்புறம், பக்கத்தில் பூசணி, பீர்க்கன் போடாதீர்கள், இந்த வைரஸ் அவற்றிலும் தங்கும். அடுத்த நடவுக்கு முன்பே அசுவினியை மறிக்க ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்துவிடுங்கள்.