தோப்பில் முளைத்த காளானும் மஞ்சள் சோதனையும்

அம்பாசமுத்திரம் அருகே தோப்பில் மழைக்குப் பின் பறித்த காளான் மஞ்சளும் பூண்டும் சேர்த்து வேகவைத்தும் நிறம் மாறவில்லை, ஆகவே நஞ்சில்லை, சத்துக் குறைந்த ஆச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அருள்கூர்ந்து கொடுக்காதீர்கள். கொடிய காளான்களிலுள்ள அமடாக்சின் என்னும் நஞ்சு கொதிநீரில் அழியாது, மஞ்சளின் நிறத்தையும் மாற்றாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கி, இடையில் தேறியதுபோல் காட்டி, பிறகு அந்நஞ்சு கல்லீரலைத் தாக்கும். உண்ணத்தக்க புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு கரையான் புற்றுவரை இறங்கும் என்பது உண்மையே. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் தண்டு தரைமட்டத்திலேயே ஒடிந்திருப்பதால், அந்த ஓர் அடையாளமும் தோப்பிலேயே தங்கிவிட்டது. புரதத்துக்குக் கடைச் சிப்பிக்காளான் போதும். நம் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு இருக்கையில் அதுவும் தேவையா என்பது வேறு. யாராவது ஏற்கெனவே உண்டிருந்தால், வாந்திக்குக் காத்திராமல், மிச்சக் காளானோடு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.