பார்டர் பரோட்டாவும் இருபது நொடி கிளிப்பும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

புளியரையிலிருந்து எழுதுகிறேன். செங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. எட்டு வருடமாக ஒரு ஸ்டாக் தளத்தில், அதாவது விளம்பரத்துக்கும் பத்திரிகைக்கும் படம் விற்கும் இணையதளத்தில், படம் ஏற்றி வருகிறேன். குற்றாலம், சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி, பதிமூணு கண்ணறைப் பாலம் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. இப்போது அந்தத் தளம் வீடியோ கிளிப்பும் வாங்கப்போவதாக அறிவித்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொந்தளிப்பு. படத்துக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச விற்பனையையும் வீடியோ தின்றுவிடும், எல்லாம் நம்மைப் புதுக் கேமரா வாங்கவைக்கிற வேலை என்கிறார்கள். எதற்கும் பார்ப்போம் என்று நான் இருபது கிளிப் ஏற்றினேன். பதினாலு திரும்பி வந்துவிட்டது. ஃப்ளிக்கர், நடுக்கம், வணிகச் சின்னம், ஃபிரேம் கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். என் கேமராவில் 4கே கிடையாது, ஃபுல் எச்டிதான். கேமராவை மாற்றவா, வீடியோவையே விட்டுவிடவா?

— ஒரு வாசகர், புளியரை

அன்புள்ள தம்பிக்கு,

விட வேண்டாம். கேமராவையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். திரும்பி வந்த காரணங்களைப் பார்த்தால் ஒன்றுகூட கேமராவின் குற்றமாகத் தெரியவில்லை. எல்லாமே படம் எடுத்துப் பழகிய கை வீடியோவுக்குப் போகும்போது செய்கிற தவறுகள்.

முதலில் குழுவில் நடக்கிற கொந்தளிப்பு. இது புதிதல்ல. ஐஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் என்ற பெரிய ஸ்டாக் தளங்கள் வீடியோ விற்கத் தொடங்கியது 2006இல். வீடியோவையே முதன்மையாக வைத்து பாண்ட்5 என்ற தளம் வந்ததும் அதே வருடம். அன்றைக்குப் புகைப்படக்காரர்களின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அவர்கள் கையிலிருந்த எஸ்எல்ஆரில் வீடியோவே எடுக்க முடியாது. வீடியோ எடுக்கும் முதல் எஸ்எல்ஆர்களான நிகான் டி90யும் கேனான் 5டி மார்க் 2வும் 2008இல்தான் வந்தன. இன்று அந்தத் தடை இல்லை. முன்பு ஒரு படம் போட்டுச் சமாளித்த இடத்தில் விளம்பரக்காரர்கள் இப்போது கிளிப் போடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நீங்கள் ஏற்றும் தளம் வீடியோ வாங்காமல் இருந்தாலும் அந்த மாற்றம் நிற்காது. வாங்குகிறவர் வேறு தளத்துக்குப் போவார், அவ்வளவுதான்.

கோபப்படுவதை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் விற்ற விலையில் உங்களுக்கு வரும் பங்கு விகிதத்தைப் படியுங்கள். அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35. ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் 15இலிருந்து 40 சதவீதம் வரை, விற்பனை எண்ணிக்கை ஏற ஏற உயரும் படிநிலை. படத்துக்கும் வீடியோவுக்கும் படி தனித்தனி, ஜனவரி 1 வந்தால் இரண்டும் அடிப்படிக்கு இறங்கிவிடும். உங்கள் தளத்தில் எந்த முறை, படத்தில் நீங்கள் ஏறிய படி வீடியோவுக்குச் செல்லுமா என்று பாருங்கள். சண்டை போடுவதென்றால் அதற்குப் போடலாம்.

இனி நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பது. முக்காலியில் கேமராவை வைத்து மலையைப் பதினைந்து நொடி எடுத்தால் அது வீடியோ ஆகாது, கனமான ஒரு படம்தான். கிளிப் வாங்குகிறவர் ஒரு வினையை வாங்குகிறார். அதுவும் வினைமுற்றாக இருக்க வேண்டும்: தொடங்க வேண்டும், நடக்க வேண்டும், முடிய வேண்டும். எச்சமாக நடுவில் அறுந்து நிற்கிற கிளிப்பை எடிட்டரால் எங்கேயும் வெட்டி ஒட்ட முடியாது. உங்கள் இரண்டாயிரம் படத்தையும் வீடியோவாகத் திரும்ப எடுக்கப் போகாதீர்கள். எந்தப் படம் அசைவில்லாததால் குறைபட்டு நிற்கிறதோ அதை மட்டும் எடுங்கள். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சூரியகாந்தியைப் போட்டு ஆட்டும்போது படம் எடுக்கிறவன் ஷட்டரை 1/1000 நொடிக்கு ஏற்றிக்கொண்டு திட்டுவான். வீடியோவுக்கு அந்தக் காற்றுதான் மூலதனம். பூ முற்றியபின் கிழக்கு பார்த்தே நின்றுவிடும், ஆகவே காலை வெயிலில் போங்கள். பாலம் படமாகவே போதும். அதில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது 2010 வரைதான், 2018இல் திறந்தது அகலப்பாதை. அந்தப் பழைய ரயில் படம் உங்கள் குழுவில் யாரிடமாவது இருந்தால் எந்த வீடியோவும் அதைத் தள்ளிவிட முடியாது.

உங்கள் பக்கத்தில் கிளிப்புக்கென்றே அமைந்த ஒன்று பிரானூர் பார்டர் பரோட்டா. மாஸ்டர் மாவை வீசி விரிக்கிறார், சுருட்டுகிறார், கல்லில் போடுகிறார், வெந்த நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிறார், ஆவியோடு இதழ் பிரிகிறது. ஒவ்வொன்றும் தனித் தனி வினை, தனித் தனி கிளிப். உங்கள் பதினாலு தவறில் பாதியையும் இந்த ஒரே கடையில் வைத்துச் சொல்லிவிடலாம்.

கடைக்குள் டியூப்லைட்டோ மலிவு எல்இடியோ இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், எல்லா ஃபிரேமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். நொடிக்கு 30 ஃபிரேமில் 1/60 வைத்தால் ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குக் கீழ். ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறும், திரையில் பட்டை பட்டையாக நகரும். அதுதான் உங்களுக்கு வந்த ஃப்ளிக்கர். கேமரா மெனுவில் என்டிஎஸ்சி (NTSC, 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) என்று இருந்தால் பிஏஎல் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) என்று மாற்றுங்கள், நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. வீச்சை ஸ்லோமோஷனில் எடுக்க 100 ஃபிரேம் வைத்தால் ஷட்டர் 1/100. ஃபிரேமுக்குச் சரியாக ஒரு துடிப்பு. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் ஃப்ளிக்கர் இருக்காது. சில எல்இடிகள் இந்தக் கணக்குக்கும் அடங்காது. ஐந்து நொடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அடங்கவில்லை என்றால் அந்த விளக்கை அணைக்கச் சொல்லி வாசல் வெளிச்சத்தில் எடுங்கள்.

அடுத்து அந்தக் கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் டின்னில் கம்பெனிப் பெயர், சுவரில் நகைக்கடைக் காலண்டர், மேஜையில் தண்ணீர் பாட்டில், மாஸ்டர் பனியனில் ஒரு சின்னம். படத்தில் இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் அழித்துவிடுவீர்கள். வீடியோவில் 20 நொடிக்கு 500 ஃபிரேம், ஆவி வேறு குறுக்கே போகும். அழிக்க உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். எடுப்பதற்கு முன் டின்னைத் திருப்பி வையுங்கள், காலண்டரைக் கழற்றுங்கள். கடையில் ஓடும் சினிமாப் பாட்டு பதிவாகியிருந்தால் ஒலித் தடத்தை முழுதாக நீக்கி அனுப்புங்கள். மாஸ்டரிடம் மாடல் ரிலீஸ் (தன்னை எடுத்ததை விற்கச் சம்மதம்), கடைக்காரரிடம் இட ரிலீஸ் (கடையை எடுத்ததற்குச் சம்மதம்) இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள், சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். கை மட்டும்தானே தெரிகிறது என்று விடாதீர்கள். அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். மாஸ்டருக்குத் தமிழிலோ மலையாளத்திலோ வரி வரியாகச் சொல்லி, இது விளம்பரத்திலும் வரலாம் என்று விளங்கவைத்த பிறகு வாங்குங்கள். தெரியாமல் கையெழுத்து வாங்குவது தப்பு. தலைப்பிலும் குறிச்சொல்லிலும் பரோட்டா, பொரோட்டா என்று இரண்டு எழுத்துக்கூட்டலும் இருக்கட்டும், மலையாளக்கரையில் தேடுகிறவர்கள் இரண்டாவதைத்தான் அடிப்பார்கள்.

வெளியே வந்தால் வெயில். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 வைத்தால் உச்சி வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். படம் மழுங்கும், சென்சார் தூசியெல்லாம் புள்ளியாகத் தெரியும். காட்சி அசைய, புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும், அப்படியே கண்ணைக் குத்தும். அதற்குப் பயந்து ஷட்டரை ஏற்றினால் குற்றாலத்து அருவி தண்ணீராக விழாது, சரளைக் கல்லாகக் கொட்டும். வழி என்டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. எஃப் 5.6க்கு வர நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), என்டி 16. எஃப் 4க்கு என்டி 32. சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் வசதிதான், ஆனால் அகல லென்ஸில் கடைசிவரை சுழற்றினால் வானத்தில் பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும்.

நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் முக்காலி அல்ல, கேமரா வார். கணவாய்க் காற்றில் அது படபடவென்று அடித்தால் 200 மில்லிமீட்டர் லென்ஸில் காட்சி முழுவதும் அதிரும். வாரைக் கழற்றிவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல் காலை அகட்டி வைத்து, பையை அந்தத் தண்டில் தரையைத் தொட்டும் தொடாமல் தொங்கவிடுங்கள். முக்காலியில் இருக்கும்போது கை நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசரை அணையுங்கள். ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை, ஐஎஸ்ஓ மூன்றையும் கையால் நிறுத்துங்கள், நடுவில் கேமரா தானாக மாற்றினால் அந்தக் கிளிப் போச்சு. பட்டனை அமுக்கியபின் ஐந்து நொடி, வினை முடிந்தபின் ஐந்து நொடி விட்டு, முன்னும் பின்னும் நறுக்கி 10 முதல் 20 நொடியாக அனுப்புங்கள். கல்யாண வீடியோப் பழக்கத்தில் ஜூம் பண்ணி இழுக்காதீர்கள்.

ஃபிரேம் கோளாறு எடிட்டிங்கில் வந்தது. 25இல் எடுத்ததை 30 டைம்லைனில் போட்டால் மென்பொருள் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டித்து ஆறாக்கும், நொடிக்கு ஐந்து முறை சின்னதாக வெட்டும். எடுத்த ஃபிரேம் எண்ணிக்கையிலேயே வெளியே எடுங்கள். எச்டியை 4கே ஆக இழுத்து ஏற்றுவதும் வேண்டாம், சரிபார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஏற்றும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 20 நொடிக் கிளிப் 250 எம்பி, நாற்பது கிளிப் 10 ஜிபி. அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணி நேரம். இரவில் போட்டுவிடுங்கள். ஓணத்துக்கான கிளிப் ஓணத்தன்று ஏற்றினால் பயன் இல்லை. இந்த ஓணத்தில் எடுத்து அடுத்த வருடம் மே மாதத்துக்குள் தளத்தில் இருக்க வேண்டும்.

எச்டி கிளிப்புக்கு விலை குறைவு, ஆனால் இன்னும் வாங்குகிறார்கள். முதலில் ஒரு என்டி 16, பிறகு முக்காலியின் பால்ஹெட்டுக்குப் பதில் சீராகத் திரும்பும் ஒரு ஃப்ளூயிட் ஹெட் வாங்குங்கள். அதோடு அதே பதினாலையும் திரும்ப எடுத்து ஏற்றுங்கள். தொடர்ந்து விற்கத் தொடங்கிய பிறகு 4கே பற்றி எழுதுங்கள், எந்த மாதிரி வாங்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி